மூன்றாம் தரம் கூப்பிடும்வரை

கொரோனாக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கு வந்து திரும்பிப் போகும்போது என் கணவரின் மூக்கையும் கொண்டு போய்விட்டது. மூக்கு முகத்தில்தான் இருந்தது, மணம் மட்டும் இல்லை. மணம் போனால் ருசியும் கூடவே போய்விடும் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. நாக்கில் உப்பும் உறைப்பும் கொஞ்சம் தட்டும், அவ்வளவுதான். புட்டும் கறியும் வைத்தால் கடமைக்கு மென்று விழுங்கிவிட்டு எழும்பிப் போவார். நல்லாயிருக்கோ என்று கேட்டால், "எல்லாம் ஒண்டுதான்" என்பார். சமைத்தவளுக்கு அதைக் கேட்க எப்படி இருக்கும்?

இத்தாலியில் நாங்கள் இருக்கிற நகரத்தின் மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் அவருக்கு வேலை. கோப்பை கழுவத் தொடங்கி, காய்கறி வெட்டி, கடைசியில் அடுப்பில் நிற்கிற அளவுக்கு வந்திருந்தார். காய்ச்சலுக்குப் பிறகு ஒருநாள், பழுதாகிப்போன மட்டியை மணந்து பார்த்தும் தெரியாமல் சட்டிக்குள் கொட்டியிருக்கிறார். நல்லகாலம், பக்கத்தில் நின்றவர் கண்டுபிடித்துவிட்டார். மூக்கில்லாத ஆளை அடுப்பில் நிற்பாட்ட முடியாது என்று மறுபடி கோப்பை கழுவ விட்டார்கள். இரண்டு வருடத்தில் மனிதர் பாதியாகிவிட்டார். இடுப்பு வாரில் ஆணியால் புது ஓட்டை போட்டுக் கொடுத்தவள் நான்தான்.

ஒரேயொரு நன்மை இருந்தது என்று அப்போது நினைத்தேன். நாங்கள் போர்கோ வெக்கியோவில் மாடி வீடு ஒன்றில் இருக்கிறோம். பின்னேரமானால் கீழே தெருவில் ஒருவர் தகரப் பெட்டியில் கரி மூட்டி, ஆட்டுக் குடலை வெங்காயத் தாளோடு சுற்றிச் சுட்டு விற்பார். புகை நேரே எங்கள் யன்னலுக்குத்தான் வரும். காய்ச்சலுக்கு முந்திய காலத்தில், அந்தக் கரி பிடிக்கத் தொடங்கியதும் இவர் எழும்பிப் போய் யன்னலைச் சாத்திவிடுவார். ஆடி மாத வெக்கையிலும் சாத்துவார். நான் சத்தம் போட்டால் காதில் விழாதவர் மாதிரிப் பின்னறைக்குப் போய்விடுவார். மணம் போன பிறகு யன்னல் திறந்தே கிடந்தது. பல்கனியில் கதிரை போட்டுக்கொண்டு அந்த மனிதரோடு தன் அரைகுறை இத்தாலியனில் பகிடி விடவும் பழகியிருந்தார். எனக்கு வீட்டுக்குள் காற்று வந்தது. நான் காரணம் கேட்கவில்லை.

கேட்காததற்கு ஒரு காரணம் இருந்தது. நான் யாழ்ப்பாணம், சண்டை முடிவதற்கு வெகு காலம் முன்பே இங்கே வந்து வீடு துடைக்கப் பழகியவள். இவர் வன்னி; எல்லாம் முடிந்த பிறகு வந்தவர். கலியாணம் பேசியபோது இவருடைய தமக்கை தொலைபேசியில் என்னிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "சண்டையின்ரை கடைசி மாசத்தைப் பற்றி மட்டும் அவனிட்டைக் கேக்காதையும், பிள்ளை. அவனாச் சொன்னாக் கேளும்." அவராகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்படியே காலம் போய்க்கொண்டிருந்தது.

போன கோடையில் நகரத்துக்குப் பின்னால் உள்ள மலையில் பைன் காடு எரிந்தது. எங்கள் கொடியில் காயப்போட்ட உடுப்பெல்லாம் சாம்பல். தெரு முழுவதும் இருமிக்கொண்டு யன்னல்களை அடைத்தது. இவர் மட்டும் பல்கனியில் நின்று, சிவந்துபோன மலையைப் பார்த்தபடி மூச்சை நன்றாக உள்ளே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்டுமே தெரியேல்லை" என்று திரும்பிச் சொன்னபோது முகம் மலர்ந்திருந்தது. உள்ளே வாருங்கோ என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அடுத்த ஏப்ரலில்தான் காளான் கதை தொடங்கியது. நகரத்தின் கால்சாப் பகுதியில், ஒரு பழைய மாளிகையின் மேல்மாடியில், நான் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மா இருக்கிறார்; சினியோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தம்பி மலைநாட்டிலிருந்து வரும்போது ஒரு கடதாசிப் பை நிறையக் காளான் கொண்டு வந்திருந்தார். ஸ்புன்யோலே என்று பெயர் சொன்னார்கள். குடை மாதிரி விரிகிற காளான் இல்லை. கூம்பு வடிவத்தில், தேன்வதை மாதிரி ஓட்டை ஓட்டையாக, உள்ளே ஒன்றுமில்லாத கோறையாக இருந்தது. சினியோரா ஒரு கைப்பிடி எனக்கும் தந்து, பச்சையாக வாயில் வைத்துவிடாதே, நன்றாக வேகவை என்று இரண்டு தரம் சொன்னார்.

வீட்டில் அதைப் பிளந்து கழுவி, வெந்தயமும் சின்ன வெங்காயமும் தாளித்து, எங்கள் கறித்தூள் போட்டு, தகரத்தில் வருகிற தேங்காய்ப்பாலை விட்டுக் கறியாக்கினேன். இவர் வழக்கம்போலத் தலை குனிந்து மென்றுகொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"இது எங்கடை ஊர்ப் புத்துக்காளான் மாதிரிக் கிடக்கு" என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "மணக்குதோ?"

"மணம் ஒண்டும் இல்லை. பல்லுக்குத் தெரியுது."

அது போதும் எனக்கு. பல்லுக்குத் தெரிந்தது நாளைக்கு மூக்குக்கும் தெரியாமலா போகும் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. அன்றைக்கு அவர் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். இரண்டு வருடத்தில் நான் கண்டிராத காட்சி. மறுநாளே சினியோராவைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் வேண்டும், எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

எரிந்த பைன் காட்டுக்குப் போ என்றார் அவர். நெருப்புக்குப் பிறகு வருகிற முதல் ஏப்ரலில்தான் அது அங்கே சாம்பலுக்குள் முளைக்கும். அடுத்த வருடம் போனால் தேடினாலும் இருக்காது. மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பதைத் தொடாதே, வெட்டிப் பார்த்தால் உள்ளே பஞ்சு மாதிரி இருப்பதையும் தொடாதே என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். நீங்களும் வாருங்கள், இடம் காட்டலாம் என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார். எரிந்த காட்டுக்குள் தான் போவதில்லை, அங்கே நிற்க மனம் ஒப்பாது என்றார். வயது போனவர்களின் சாக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். எரிந்த காட்டில் எதையும் பொறுக்கக் கூடாதென்று சட்டம் இருப்பதை இரண்டு பேருமே அப்போது அறிந்திருக்கவில்லை.

இவரைச் சம்மதிக்க வைக்கத்தான் பெரும்பாடு. இவர் புல்லில் கால் வைக்க மாட்டார். பூங்காவுக்குப் போனாலும் தார் போட்ட பாதையில்தான் நடப்பார். பந்து புல்லுக்குள் உருண்டு வந்தால், எடுத்துத் தரச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டாலும் கல்லாக நிற்பார். பிள்ளைகளுக்கு நான் போய் எடுத்துக் கொடுப்பேன். அப்படிப்பட்டவரிடம் காட்டுக்குள் வாருங்கோ என்றால்? இரண்டு நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள், "சரி, திங்கக்கிழமை லீவுதானே, போவம்" என்றார். அவருக்கு என் முகத்தைப் பார்க்கப் பயம் வந்திருக்க வேண்டும்.

அவரோடு வேலை செய்கிற ஒருவரின் சின்னக் காரை வாங்கிக்கொண்டு காலையிலேயே போனோம். வளைந்து வளைந்து ஏறுகிற வீதி ஓர் இடத்தில் மண்பாதையாகி முடிந்தது. காரை விட்டு இறங்கியதும் அவர் முதலில் தரையைத்தான் பார்த்தார். பிறகு காட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பழைய உசார் வந்தவர் மாதிரி எனக்குப் பாடம் எடுத்தார்.

"காட்டுக்குள்ளை ஆரும் கூப்பிட்டா உடனை ஓம் எண்டு சொல்லக்கூடாது. மூண்டு தரம் கூப்பிட்டாத்தான் மனிசர்."

"இல்லாட்டி?"

"மற்றதுகள் ரெண்டு தரம்தான் கூப்பிடும். அதுக்கு மேலை கூப்பிடாது. நாங்கள் தேன் எடுக்கப் போனா அப்பிடித்தான்."

"இத்தாலியன் பேய்க்கும் இந்தச் சட்டம் தெரியுமோ?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

காடு என்று சொல்லக்கூடாது, காட்டின் எலும்புக்கூடு என்று சொல்லலாம். நட்டு வளர்த்த பைன் மரங்கள், வரிசை பிசகாமல் கறுப்பாக நின்றன. கிளை இல்லை, இலை இல்லை. கீழே சாம்பலும் கரியும் மழையில் ஊறி இறுகிப்போயிருந்தன. அங்கங்கே நெடிய தண்டில் வெள்ளைப் பூக்கள் மட்டும் நின்றன. மேலே காற்று நன்றாக வீசியது; என் கழுத்துத் துண்டு பறந்தது. ஆனால் காட்டில் சத்தம் இல்லை. காற்றுக்குச் சத்தம் போட இலை வேண்டும் என்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். ஒரு குருவிகூட இல்லை. சினியோரா சொன்னது சாக்கு இல்லை என்று பட்டது. வெளியே சொல்லவில்லை. இவ்வளவு பாடுபட்டு அழைத்து வந்துவிட்டு, திரும்பிப் போவோம் என்று எந்த வாயால் சொல்வது?

பாதையோரத்திலேயே நின்று தேடினோம். முதலில் எரிந்த பைன் காய்களைத்தான் திரும்பத் திரும்பக் குனிந்து எடுத்தேன். நிறமும் அதே, வடிவும் அதே. பிறகு ஒரு கருகிய அடிமரத்துக்குப் பக்கத்தில் ஒன்றைக் கண்டேன். பிளந்து பார்த்தேன், உள்ளே கோறை. அதைக் கண்ட பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்கு அப்பால் இன்னும் இரண்டு. இவ்வளவு நேரமும் அவை அங்கேதான் நின்றிருக்கின்றன, நாங்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு. அப்படி ஒரு நினைப்பு வந்தது. ஆனால் ஆசை விடவில்லை. வெங்காயம் வருகிற வலைப்பையைப் பிடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு என்று குனிந்தபடியே உள்ளே போய்விட்டேன். இவர் பாதையில்தான் நிற்கிறார் என்ற தைரியம்.

இடுப்பு நோவெடுத்து நிமிர்ந்தபோது பாதை தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிக் கறுப்பு மரங்கள். இவரைக் காணவில்லை.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. புருசனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம் இல்லை. இருக்கிறது ஒரே ஒரு சொல்தான், குசினியிலிருந்து முன்னறைக்குக் கேட்கிற அளவுக்குச் சொல்கிற சொல். அதை அந்த மலையில் நின்று உரத்துக் கத்தினேன்.

"இஞ்சாருங்கோ!"

பதில் இல்லை. என் குரல் மரங்களுக்குள் போய், திரும்பி வராமல் நின்றுவிட்டது. பகிடி விடுகிறார் என்று நினைத்துக் கோபம் வந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டேன். அதற்கும் பதில் இல்லை.

அப்போது கீழே, சரிவின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஊ..."

எங்கள் ஆட்கள் வெளிகளில் கூப்பிடுகிற மாதிரியே, நீட்டி, கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கி. எனக்கு உயிர் வந்தது. இவர்தான், கீழே இறங்கிவிட்டார் என்று அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். மறுபடியும் "ஊ..." என்றது. இன்னும் கொஞ்சம் கிட்ட. நான் ஓம் என்று வாயைத் திறந்தேன். திறந்தவள் அவர் காரடியில் சொன்னதை நினைத்து மூடிக்கொண்டேன்.

மூன்றாவது குரலுக்காகக் காத்து நின்றேன். காற்று வீசிக்கொண்டிருந்தது. என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. மூன்றாவது குரல் வரவில்லை.

இடையன் யாரும் ஆட்டைக் கூப்பிட்டிருக்கலாம். இன்றைக்கும் நான் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அங்கே நின்றபோது அப்படி நினைக்க முடியவில்லை. பயத்தில் தரையைப் பார்த்தபோதுதான் சாம்பலில் இவருடைய சப்பாத்து அடையாளம் தெரிந்தது. அது கீழே போகவில்லை. என்னைத் தேடி வந்து, குனிந்திருந்த என்னைக் காணாமல் என் பக்கத்தால் விலகி, மேலே போயிருந்தது. குரல் வந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டுவது இலேசான காரியமாக இருக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

ஒரு மேட்டைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் நின்றார். இரண்டு காலையும் ஒட்டி வைத்து, கைகளை உடம்போடு சேர்த்து, ஆடாமல் அசையாமல் நின்றார். முகம் முழுக்க வேர்வை.

"கிட்ட வராதையும்" என்றார், உதடு மட்டும் அசைய. "என்ரை கால்தடத்துக்குள்ளை கால் வைச்சு வாரும். வெளியிலை வையாதையும்."

நான் அவர் அடி வைத்த இடங்களிலேயே அடி வைத்துப் போனேன். அந்த மலையில் எந்த மிதிவெடி புதைந்திருக்கப் போகிறது என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது.

"மணக்குது" என்றார்.

இரண்டு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த சொல். "என்ன மணக்குது?" என்று கேட்ட என் குரலில் சந்தோசம் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

"எரிஞ்சது."

நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். எனக்கு ஈரச் சாம்பல் மணந்தது. எட்டு மாத மழையில் மிச்சமிருந்த கொஞ்சம் கரி மணந்தது. வேறொன்றும் இல்லை.

"மரம் எரிஞ்ச மணம்தான், பாருங்கோ. போன கோடையிலை எரிஞ்சது" என்றேன்.

"மரம் மட்டும் இல்லை" என்றார்.

நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டது. ஆடி மாதத்தில் சாத்திய யன்னல், சாம்பல் மழையில் மலர்ந்த முகம், பல்கனிக் கதிரை. காய்ச்சல் கொண்டு போனதென்று நான் இரண்டு வருடம் அழுதது, அவருக்குக் கிடைத்த ஒரே நிம்மதி. அதைத்தான் நான் முகத்தை நீட்டி, கார் பிடித்து, அவரை இந்த இடத்துக்குக் கூட்டி வந்து உடைத்திருக்கிறேன்.

"வாருங்கோ, போவம்" என்று கையைப் பிடித்தேன். கை குளிர்ந்திருந்தது. அவர் அசையவில்லை.

"நீர் ஏன் மூண்டாம் தரம் கூப்பிடேல்லை?" என்று கேட்டார். "ரெண்டு தரம் கேட்டது. உம்மடை குரல்தான். மூண்டாவதையும் கேட்டா ஓம் எண்டு சொல்லுவம் எண்டு நிண்டனான். நீர் கூப்பிடேல்லை."

கீழே யாரோ ஊவென்றதால் நானும் அதே மூன்றாவது குரலுக்காகத்தான் காத்து நின்றேன் என்று சொல்லவா? இரண்டு பேரும் ஒரே காட்டில், ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, ஆளுக்கொரு குரலைப் பேயென்று நினைத்து நின்றிருக்கிறோம். கீழே கூப்பிட்டதைக் கேட்டீங்களோ என்று மட்டும் கேட்டேன். ஓம், அதுவும் ரெண்டு தரம்தான் என்றார்.

அவருக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், முகத்தை நேரே பார்த்துக்கொண்டு கூப்பிட்டேன். மெதுவாகத்தான் வந்தது.

"இஞ்சாருங்கோ."

"ஓம்" என்றார். அதற்குப் பிறகுதான் அவருடைய வலது கால் தரையை விட்டுக் கிளம்பியது.

இறங்கும்போது நான் முன்னால் போனேன். ஏறி வந்த தடத்திலேயே நான் காலை வைக்க, என் காலை எடுத்த இடத்தில் அவர் காலை வைத்தார். வழியில் காளான்கள் நின்றன. நான் குனியவில்லை. கார் கண்ணில் பட்ட பிறகுதான் வலைப்பை இன்னும் என் கையில் இருப்பது தெரிந்தது. எறிந்துவிடப் போனேன். "எறியாதையும், இவ்வளவு பாடுபட்டுப் பொறுக்கினது" என்றார்.

வீட்டுக்கு வந்து, அதே மாதிரிக் கழுவி, அதே மாதிரி நன்றாக வேகவிட்டுக் கறி வைத்தேன். சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். முகம் சுளித்தது.

"தூள் பழசாப் போச்சு. பூஞ்சணம் மணக்குது. இதையோ இவ்வளவு நாளும் போட்டனீர்?"

இரண்டு வருடமாக என் சமையலில் ஒரு குற்றமும் சொல்லாத மனிதர். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நாளைக்கே புதுத் தூள் வறுக்கிறன் என்றேன். பிழை பிடித்துப் பிடித்தே பாதிக் கோப்பையைக் காலியாக்கினார். வெந்தயம் கருகிவிட்டது என்றார். தேங்காய்ப்பாலில் தகரம் மணக்கிறது என்றார். சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது கீழே தெருவில் கரி பிடித்துக்கொண்டது. முதல் குடல் நெருப்பில் விழுந்த சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. புகை மெல்ல யன்னலுக்குள் வந்தது.

அவர் பேச்சை நிறுத்தினார். எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினார். கொண்டியைப் போட்டார். போட்ட கையை எடுக்காமல், கண்ணாடிக்கு நேரே முகத்தை வைத்து, இரண்டு காலையும் ஒட்டிக்கொண்டு நின்றார். கறி ஆறிக்கொண்டிருந்தது. நான் எழும்பிப் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். முதுகு அசையவில்லை.

மூன்றாம் தரமும் கூப்பிட்டேன்.

"ஓம், வாறன்" என்று சொல்லி, வந்து உட்கார்ந்து, மிச்சத்தையும் சாப்பிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யன்னல் பூட்டியேதான் கிடக்கிறது. நான் அவரை எதற்கும் மூன்று தரம் கூப்பிடுகிறேன்.